பக்ரீதில் பிறந்து பக்ரீதில் மறைந்த சங்கீத மேதை

துருக்கியின் இஸ்தான்புல் நகரில் 1778-ம் ஆண்டு ஜனவரி 9-ந் தேதி, பக்ரீத் பண்டிகையன்று, ஓர் ஆண் குழந்தை பிறந்தது. இப்ராஹீம் நபி இறைவனுக்காகப் பலியிடத் துணிந்த மகனின் பெயரையே குழந்தைக்கும் வைத்தார்கள்: இஸ்மாயில். தந்தை பொதுக் குளியல் கூடம் நடத்தியவர். அந்தக் குழந்தைதான் பின்னாளில் துருக்கி சங்கீத உலகின் சக்கரவர்த்தியாக விளங்கிய இஸ்மாயில் தெதே எஃபெந்தி.

மடத்தில் பிறந்த பாட்டு

இளமையில் இஸ்மாயிலுக்குக் கிடைத்தது அரசாங்கக் கணக்கு இலாகாவில் குமாஸ்தா உத்தியோகம். மனமோ மகான் ரூமியின் வழிவந்த மெவ்லவி சூபிகளின் மடத்தையே நாடியது. இறைவனை நினைந்து சுழன்றாடும் அடியார்கள் அவர்கள். அங்கே 1,001 நாள் தொண்டு செய்தால்தான் 'தெதே' என்ற பட்டம் கிடைக்கும். 1798-ல் அந்த விரதத்தை மேற்கொண்டார். அப்போது அவர் இயற்றிய பாட்டு ஒன்று ஊரெங்கும் பரவி, சுல்தான் மூன்றாம் ஸெலீமின் செவிக்கு எட்டியது. சுல்தானே ஒரு சங்கீத வித்வான்! உடனே ஆளனுப்பி அழைத்துப் பாடச் சொல்லிக் கேட்டார்.

அரண்மனைக் கதவு திறந்தது. ஆனால் துயரமும் தொடர்ந்தது. 1805-ல் சின்னஞ்சிறு மகனைப் பறிகொடுத்தார். அந்தச் சோகத்தையும் பாட்டாக்கினார். ஆதரித்த ஸெலீம் 1807-ல் அரியணை இழந்து, மறு ஆண்டு கொலையுண்டார்.

மாறியது காலம்

பின்னர் வந்த சுல்தான் இரண்டாம் மஹ்மூதும் தெதேயைப் போற்றினார். ஆனால் 1826-ல் பழைய படையைக் கலைத்தபோது அதன் வாத்திய கோஷ்டியும் மறைந்தது. 1828-ல் இத்தாலியிலிருந்து டோனிஸெட்டி என்பவர் பாண்டு வாத்தியம் பயிற்ற வந்தார். தெதே புதுமையை வெறுக்கவில்லை. மேல்நாட்டு நடன தாளத்தின் சாயலிலும் ஒரு பாட்டு அமைத்தார். அது இன்றும் துருக்கியர் விரும்பிப் பாடும் பாட்டு.

1839-க்குப் பின் அரண்மனையின் ரசனை மேலும் மேற்கே சாய்ந்தது. ஆட்டத்தின் சுவை போய்விட்டதென்று தெதே மனம் கசந்து சீடரிடம் சொன்னதாகக் கூறுவர். 1846-ல் இரு சீடர்களுடன் ஹஜ் யாத்திரை புறப்பட்டார். அங்கே காலரா கண்டது. நவம்பர் 29-ந் தேதி உயிர் பிரிந்தது. அன்றும் பக்ரீத்! மெக்காவிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

காப்பாற்றியவர் யார்?

அந்நாளில் துருக்கியில் பாட்டை ஏட்டில் எழுதும் வழக்கம் மிகக் குறைவு. குரு பாட, சீடன் தொடையில் தாளம் தட்டி மனப்பாடம் செய்வான். சீடன் மறந்தால் பாட்டும் மாண்டது. அரண்மனை கைவிட்ட அந்தச் செல்வத்தை ஸெகாயீ தெதே போன்ற சீடர்கள் நெஞ்சில் சுமந்து அடுத்த தலைமுறைக்கு ஒப்படைத்தார்கள். பின்னரே அவை ஸ்வரப்படுத்தப்பட்டன.

தெதேயின் பாடல்களில் இருநூறுக்கும் மேற்பட்டவை இன்று எஞ்சியிருக்கின்றன. அரசர்கள் கொடுத்த பொன் எங்கே போயிற்றோ! சீடர்களுக்கு அவர் கொடுத்த பாட்டு மட்டும் நிலைத்துவிட்டது.