காந்தம் ஒட்டாத கார்

ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தப் பொம்மையை, 2012-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரின் கதவில் வைத்துப் பாருங்கள். பொத்தென்று விழுந்துவிடும். பானெட்டில் வைத்தாலும் அப்படித்தான். அதன் உடல் பெரும்பாலும் அலுமினியம். காந்தத்துக்கு அலுமினியத்தில் பிடிப்பு கிடையாது.

எஃகு இருக்கும்போது எதற்கு அலுமினியம்? எடைதான் காரணம். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள எஃகுத் தகடு 7.8 கிலோ இருக்கும். அதே அளவு அலுமினியத் தகடு 2.7 கிலோதான். ஆனால் அவசரப்பட வேண்டாம். அலுமினியம் எஃகைவிட மூன்று மடங்கு எளிதாக வளையும். அப்படியே மாற்றினால் கதவு நெளியும். அதனால் தகட்டைத் தடிமனாக்க வேண்டும்.

எவ்வளவு தடிமன்? மூன்று மடங்கு என்று நினைப்பீர்கள். தேவையில்லை! தடிமனை இரண்டு மடங்காக்கினால் தகட்டின் விறைப்பு எட்டு மடங்காகிறது. ஸ்கேலைப் படுக்க வைத்து வளைத்துவிட்டு, பிறகு விளிம்பு மேலே இருக்கும்படி நிறுத்தி வளைத்துப் பார்த்தால் விஷயம் கைக்கே தெரியும். ஆகவே 1.45 மில்லிமீட்டர் இருந்தாலே போதும், எஃகின் விறைப்பு வந்துவிடும். எடையோ 4 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. பாதி எடை மிச்சம்!

பிறகு ஏன் எல்லாக் கார்களையும் அலுமினியத்தில் செய்வதில்லை? விலை இடிக்கிறது. தாதுவிலிருந்து எடுத்த அலுமினாவை உருகிய உப்பில் கரைத்து, மின்சாரம் பாய்ச்சித்தான் அலுமினியத்தைப் பிரிக்க முடியும். ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் ஆகும். போதாததற்கு, அலுமினியத்தையும் எஃகையும் வழக்கமான முறையில் வெல்டிங் செய்து இணைப்பது கடினம். ரிவெட்டும் பசையும் வேண்டும்.

2017-இல் டெஸ்லா நிறுவனம் மாடல் 3 என்ற செடான் காரைக் கொண்டுவந்தது. மாடல் எஸ் வந்தபோது அதன் ஆரம்ப விலை 57,000 டாலருக்கு மேல். மாடல் 3-க்குச் சொன்ன விலை 35,000 டாலர். சொகுசு குறையக் கூடாது, விலை மட்டும் குறைய வேண்டும். என்ன செய்தார்கள் தெரியுமா? எஃகைத் திரும்பக் கூப்பிட்டார்கள்!

ஆனால் இது வேறு எஃகு. தகட்டை 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் பழுக்கக் காய்ச்சி, தண்ணீர் ஓடும் குளிர்ந்த அச்சில் அழுத்தினால், வடிவம் பெறும்போதே அது இறுகிப்போகிறது. இப்படிச் செய்த எஃகில் ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கம்பி எடுத்தால், சுமார் 150 கிலோவைத் தொங்கவிடலாம். இரண்டு பெரியவர்களின் எடை! சாதாரணத் தகட்டு எஃகு இதில் ஐந்தில் ஒரு பங்குதான் தாங்கும். விபத்தில் பயணிகளைக் காக்க வேண்டிய தூண்களுக்கு இதுபோன்ற கடும் எஃகு. பானெட்டுக்கு அலுமினியம். எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று பார்ப்பதில்தான் பொறியாளரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் விலை கூடிய பொருளைப் போடுவது யாராலும் முடியும்.

எஃகு கூடினால் எடையும் கூடியிருக்குமே? இல்லை. மாடல் எஸ் ஏறத்தாழ 2,100 கிலோ. மாடல் 3 வகையைப் பொறுத்து 1,600 முதல் 1,850 கிலோ வரை. கார் சிறியது, பேட்டரியும் சிறியது. எடை குறைந்த காரை ஓட்டச் சிறிய பேட்டரி போதும். பேட்டரி சிறியதானால் கார் இன்னும் இலேசாகும். மின்காரில் மிக விலை உயர்ந்த பாகமே பேட்டரிதான், ஆகவே விலையும் கூடவே இறங்குகிறது.

உள்ளேயும் செலவைக் கத்தரித்தார்கள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகமானி கிடையாது. நடுவில் ஒரே ஒரு 15 அங்குலத் திரை, எல்லாம் அதில்தான். பார்க்கச் சொகுசாகத் தெரிகிறது. உண்மையில் அது பொத்தான்களையும் பாகங்களையும் மிச்சம் பிடித்த சிக்கனம். வேகத்தைப் பார்க்கக்கூடக் கண்ணைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருப்பது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

அந்த 35,000 டாலர் கார் கடைசியில் விற்பனைக்கு வந்தது 2019-இல்தான். அதற்கு முன் விற்றவையெல்லாம் விலை கூடிய வகைகள். வந்த ஒன்றிரண்டு மாதங்களிலேயே அதை இணையதளப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, தொலைபேசியிலோ கடையிலோ கேட்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள்.