கல்லூரிக் காணியும் கணக்கும்: கொழும்புப் பாடசாலை ஆட்சிமன்றங்களின் உடைமை பற்றிச் சில குறிப்புகள்

நமது கல்லூரிகள் காலத்துக்குக் காலம் வெளியிடும் வெள்ளிவிழா, பொன்விழா மலர்களைப் புரட்டுவோர் அவற்றிடையே ஒரு பொதுமையைக் காணலாம். அதிபர்களின் வரிசை இருக்கும். விளையாட்டுக் குழுக்களின் படங்கள் இருக்கும். பழைய மாணவருள் உயர்பதவி பெற்றோரின் பட்டியல் இருக்கும். ஆனால் கல்லூரி நிற்கும் காணியின் உறுதி யார் பெயரில் முடிக்கப்பட்டது, அது எப்போதாவது ஈடு வைக்கப்பட்டதா, மண்டபத்தை எழுப்பிய பணம் எவ்வழி வந்தது, வரவுக்கும் செலவுக்கும் யார் யாரிடம் கணக்குக் காட்டினர் என்பன பற்றி ஒரு வரியேனும் காண்பது அரிது. திறப்புவிழாப் படத்தின் கீழ் 'வள்ளல்' என்ற ஒரு சொல்லோடு விடயம் முடிந்துவிடும். பழந்தமிழ்ப் பாடல்களிலே வள்ளன்மை என்னும் பண்பு, கொடுப்போனுக்கும் பெறுவோனுக்கும் இடையிலுள்ள பொருளாதார உறவைப் போர்த்து நிற்பதை இலக்கிய ஆய்வாளர் நன்கறிவர். கல்லூரி மலர்களிலும் அச்சொல் அதே வேலையைத்தான் செய்கின்றது.

ஆட்சிமன்றம், நிருவாக சபை, பணிப்பாளர் சபை எனப் பலவாறாக வழங்கப்பெறும் அமைப்பு, சட்டத்தின் கண்ணில், முதலில் ஓர் உடைமையாளனே. பாடத்திட்டம் அரசாங்கத்தினது, பரீட்சை அரசாங்கத்தினது, நீண்ட காலமாக ஆசிரியர் சம்பளமும் பெரும்பாலும் அரசாங்கத்தினது. எஞ்சியிருந்தவை காணி, கட்டடம், நிதி, நியமனம் ஆகியன. இவற்றுள் முதல் மூன்றையும் கைக்கொண்டிருந்தோரிடமே நான்காவதும் இருந்தது. சட்ட வடிவங்கள் வேறுபட்டன. சில கழகங்கள் தனிச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டன. சில, 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அறக்கொடைப் பொறுப்புகளாக நடந்தன. திருச்சபையின் பாடசாலைகளிலோ உடைமை ஆயரிடமோ துறவற சபையிடமோ இருந்தது. அன்றாட அலுவல்களை நடத்துபவர் முகாமையாளர், பேச்சுவழக்கில் 'மனேச்சர்'.

கொட்டாஞ்சேனை இவ்வரலாற்றைக் கற்பதற்கு மிகவும் வாய்ப்பான இடமாகும். துறைமுகத்தையும் செட்டியார் தெருவையும் அடுத்த இப்பகுதியில் கத்தோலிக்கரும் பௌத்தரும் சைவரும் நெருங்கி வாழ்ந்தனர். 1883ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கத்தோலிக்கருக்கும் பௌத்தருக்குமிடையே இங்கே மூண்ட கலகம், மதப் போட்டி எத்துணைக் கூர்மை பெற்றிருந்தது என்பதற்குச் சான்று. அப்போட்டியின் அமைதியான வடிவமே பாடசாலைக் கட்டடம் எனலாம். 1868இலிருந்து புனித பெனடிக்ற் கல்லூரியைத் தெ லா சால் சகோதரர் நடத்தினர். மறுஆண்டு நல்லாயன் சகோதரிகளின் கன்னியர்மடம் அங்கே பாடசாலை தொடங்கியது. பொதுப் போதனைத் திணைக்களம் 1869இல் நிறுவப்பட்டு, உதவி நன்கொடை முறை ஒழுங்குபெற்ற காலமும் இதுவே. நன்கொடை முறையின்கீழ்ப் பாடசாலை நடத்துவோர் கட்டடம் தரவேண்டும்; மாணவர் அடைவுக்கேற்ப அரசாங்கம் பணம் தரும். எனவே கட்டடம் கட்டவல்லவர் எவரோ அவரே கல்வியை ஆளவல்லவருமாயினர்.

இங்கு ஒரு நுணுக்கத்தைக் கவனித்தல் வேண்டும். துறவற சபையினர் வறுமை வார்த்தைப்பாடு எடுத்தவர்கள். ஆசிரியராகப் பணிபுரிந்த ஒரு சகோதரருக்கு உரிய சம்பளம் அவரது சபையையே சென்றடைந்தது. குடும்பமில்லை, சீதனமில்லை, வீட்டுவாடகை இல்லை. ஆகவே பொதுப்பணத்திலிருந்து வந்த சம்பளத்தின் ஒரு பகுதி மிச்சப்பட்டு மாடிகளாகவும் விடுதிகளாகவும் உருமாறியது. தனிமனிதரின் வறுமை நிறுவனத்தின் மூலதனமாயிற்று. அவர்களது உழைப்பையும் ஒழுக்கத்தையும் குறைத்துமதிப்பிடுவது எமது நோக்கமன்று; பிற சமயக் கழகங்கள் இப்போட்டியில் ஏன் பின்தங்கின என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது என்பதே கூறவந்தது.

சைவரிடம் துறவற சபை இல்லை. நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தொடங்கிய வித்தியாசாலையின் காலந்தொட்டு அவர்களுக்குக் கைகொடுத்தவை வீடுவீடாகச் சேர்த்த சிறு கொடைகளும் வணிகரின் பெருங்கொடைகளுமே. கொழும்பிலே இரண்டாவது முக்கியத்துவம் பெற்றது. கொட்டாஞ்சேனைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைப் பொன்னம்பல முதலியார் எடுப்பிக்க, அவர்தம் மைந்தர் இராமநாதன் கருங்கல்லால் புதுப்பித்தார். கோயில் தர்மகர்த்தா முறையே கொழும்புச் சைவப் பாடசாலைகளின் ஆட்சிமன்ற முறைக்கு முன்மாதிரியாய் இருந்திருத்தல் கூடும். இரண்டிலும் உடைமை பொதுவானது என்று சொல்லப்படும். திறப்பு ஒருசிலர் கையில் இருக்கும். விவேகானந்தர் 1897 சனவரியில் கொழும்பில் இறங்கியதன் எழுச்சியில் 1902இல் தோன்றிய விவேகானந்த சபை கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் பாடசாலை நடத்தியது. வெள்ளவத்தையிலே சைவ மங்கையர் கழகம் 1930களில் பெண்களுக்கெனப் பாடசாலை கண்டது. பெண்களே கூடிக் காணியும் கணக்கும் பார்த்த அமைப்பு என்ற வகையில் அது தனி ஆய்வுக்குரியது. 1950களின் தொடக்கத்தில் எழுந்த பம்பலப்பிட்டி, இரத்மலானை இந்துக் கல்லூரிகள், வடக்கிலிருந்து வந்து காலி வீதியோரம் குடியேறிய அரசாங்க உத்தியோகத்தரின் தேவையையும் சேமிப்பையும் ஒருங்கே காட்டுவன. இதே வெள்ளவத்தையின் நெசவாலைத் தொழிலாளர் 1933இல் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களின் பிள்ளைகளை மனத்திற்கொண்டு எந்த ஆட்சிமன்றமும் கூடியதாகத் தெரியவில்லை.

கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் 1945 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது ஆட்சிமன்றங்களின் அடிப்படை முரண்பாடு வெளிப்பட்டது. திட்டத்துட் சேர்ந்த பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் ஏற்றது. காணி, கட்டடம் ஆகியவற்றை வழங்குவது உடைமையாளர் பொறுப்பாகவே இருந்தது. கட்டணம் நின்றுவிட்டது, பிள்ளைகளின் தொகையோ பெருகியது. வகுப்பறை கட்டப் பணமில்லை. ஆயினும் நியமிக்கவும் நீக்கவும் அதிகாரம் உண்டு. சமூகம் முழுவதும் சம்பளம் கொடுக்க, ஒரு குழு மட்டும் வேலை கொடுத்தது. ஆசிரியரின் சமயம், சாதி, உறவு, முகாமையாளரிடம் காட்டிய பணிவு ஆகியன தகுதிகளாயின. சம்பளத்தின் ஒரு பகுதியைக் 'கட்டட நிதிக்கு நன்கொடை' என எழுதிக் கொடுக்க நேர்ந்த ஆசிரியர் பலரின் கசப்பு அக்காலத்து ஆசிரியர் சங்கங்களின் பொதுக் குறையாக இருந்தது. இங்கும் 'நன்கொடை' என்னும் சொல்லின் தொழிலைக் கவனிக்க.

இந்நிலையில்தான் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. முதலாவது, உதவி பெறும் பாடசாலைகளின் முகாமையை 1960 டிசம்பர் 1ஆம் தேதியுடன் கல்விப் பணிப்பாளரிடம் மாற்றியது. இரண்டாவது, பாடசாலைக்குப் பயன்பட்ட உடைமைகளை அரசுக்குச் சொந்தமாக்க வழிசெய்தது. இரண்டு சட்டங்கள் தேவைப்பட்டமையே ஆட்சிமன்றத்தின் இயல்பை உணர்த்தும். முகாமையை எடுத்தாலும், கட்டடத்தின் உறுதி பழைய கையில் இருக்கும்வரை அதிகாரம் முழுமையாக மாறாது என்பதை அரசு விரைவில் கண்டுகொண்டது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகள் இவ்வாறு கைமாறின. உயர்தரப் பாடசாலைகளுட் சில, உதவி நன்கொடையையும் கட்டணத்தையும் துறந்து தனியாராய் நிற்கும் தெரிவை ஏற்றன. கொட்டாஞ்சேனைப் புனித பெனடிக்ற் கல்லூரியும் நல்லாயன் கன்னியர்மடமும் இன்றும் தனியார் பாடசாலைகளே. அருகிலுள்ள விவேகானந்தாக் கல்லூரியோ அரசாங்கப் பாடசாலை. துறவற சபையின் சேமிப்புக்கு இருந்த தாங்கும் ஆற்றல், வணிகர் கொடையில் நின்ற சபைக்கு இருக்கவில்லை.

1960இன் இறுதியில் கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து தங்கி, அவற்றைக் கையளிக்க மறுத்தனர். பம்பாய்க் கர்தினால் வலேரியன் கிராசியஸ் வந்து பேசிய பின்னர், 1961இன் தொடக்கத்தில் அது ஓய்ந்தது. முற்போக்காளருட் பலர் இதனைப் பிற்போக்கின் கிளர்ச்சியென ஒற்றைச் சொல்லில் ஒதுக்கினர். அது போதிய விளக்கமன்று. அங்கே இரவிரவாக விழித்திருந்தோர் செல்வர் மட்டுமல்லர். மீனவரும் கூலித் தொழிலாளரும் அவர்களுள் இருந்தனர். உறுதியில் அவர்கள் பெயர் இல்லை. எனினும் பங்குக் கோயிலின் உண்டியலிற் போட்ட சதங்களால் அச்சுவர்கள் எழுந்தன என்ற உணர்வு அவர்களுக்கு இருந்தது. கட்டடத்துக்கு உழைத்தவர்க்கும் கட்டடத்தை உடைமையாக்கியவர்க்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டும் பொறுப்பு இடதுசாரிகளுக்கு இருந்தது. அவர்களோ அரசு எடுத்தால் மக்கள் எடுத்ததாகும் என்று கொண்டனர்.

பொறுப்பேற்பின் நன்மையை மறுப்பதற்கில்லை. நியமனம் முகாமையாளரின் வீட்டு விறாந்தையை விட்டு வெளியேறியது. சமயம் மாறாமலே பிள்ளை படிக்க முடிந்தது. தாழ்த்தப்பட்ட சாதியினருக்கு, சட்டத்தளவிலேனும், வாசல் திறந்தது. யாழ்ப்பாணத்திலே இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் வளாகம் 1974இல் பல்கலைக்கழக வளாகமாயிற்று; தனியொருவரின் அறக்கொடை பொது உயர்கல்விக்கு இடமளித்தது. கொழும்பிலோ பொதுக் கட்டடத்தின் பொருள் வேறொரு கொடிய வகையிற் புலப்பட்டது. 1983 யூலையில் வீடிழந்த தமிழர் பம்பலப்பிட்டி, இரத்மலானை இந்துக் கல்லூரிகளில் அகதிகளாகத் தங்கினர். கழகத்தார் வகுப்பறையென எழுப்பிய கூரையின்கீழ், தம்மைக் காக்கத் தவறிய அரசின் காவலை எதிர்பார்த்து மக்கள் படுத்திருந்தனர். அக்கட்டடங்களின் சொந்தக்காரர் யார் என்ற வினாவுக்கு எந்த உறுதியும் அன்று விடைதந்திராது.

ஆயினும் 1961இல் ஒரு வேலை செய்யப்படாமலே விடப்பட்டது. ஆட்சிமன்றம் அகற்றப்பட்டது, அதனிடத்தில் ஆசிரியரும் பெற்றோரும் உள்ள அதிகாரம் பொருந்திய வேறொரு மன்றம் வைக்கப்படவில்லை. கூரை ஒழுகினால் திணைக்களத்துக்கு எழுதவேண்டும். மறுமொழி வரும்வரை மழை காத்திராது. அந்த இடைவெளியில் பழைய மாணவர் சங்கமும், பின்னர் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும், வசதிக் கட்டணமும் நுழைந்தன. உள்ளூர் வளங்களைத் திரட்டுவது பற்றி 1981ஆம் ஆண்டுக் கல்வி வெள்ளை அறிக்கை பேசியபோது மாணவரும் ஆசிரியரும் எதிர்த்தமை காரணமற்றதன்று. உடைமை அரசிடமும் பராமரிப்புச் செலவு பெற்றோரிடமும் தங்கும் நிலையில், வசதியுள்ள பெற்றோரைக் கொண்ட பாடசாலைக்கே நல்ல கூரை கிடைக்கும்.

1977இன் பின்னர் காலி வீதியின் இருபுறமும் காணி விலை ஏறிய வேகத்தில் மூன்றாவது வடிவமும் தோன்றியது. கம்பனிச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெற்ற சர்வதேசப் பாடசாலைகள் அவை. வெள்ளவத்தையிலே வாடகை வீடுகளில்கூட அவை நடக்கின்றன. அவற்றுக்கும் பணிப்பாளர் சபை உண்டு. ஆனால் அச்சபை கணக்குக் காட்டுவது பங்குதாரருக்கு. பழைய ஆட்சிமன்றத்தார் எத்துணைக் குறுகிய நோக்கினராயினும், காணியை விற்று இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள நம்பிக்கைப் பொறுப்பு அவர்களுக்கு இடந்தரவில்லை. கம்பனிக்கு அத்தகைய தடையில்லை. பழைய கழகங்களை இன்று ஏக்கத்தோடு நினைவுகூர்வோர், முகாமையாளரின் பெருந்தன்மையை அன்றி இந்தச் சட்டத்தடையையே நினைவுகூர வேண்டும்.

அரசாங்கப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்துக்கு அதிபரே பதவிவழித் தலைவர். எந்தச் செலவைப் பற்றிக் கேள்வி எழுமோ அச்செலவுக்குப் பொறுப்பானவரே கூட்டத்துக்கும் தலைமை தாங்குகின்றார். கேள்வி கேட்கும் தாயின் பிள்ளையோ மறுநாட் காலை அவரது பாடசாலைக்கே செல்லவேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிக்கப்படுகையில் கை உயர்த்துவோர் மிகச் சிலராய் இருப்பதற்குப் பெற்றோரின் அக்கறையின்மையைக் காரணங்காட்டுவது எளிது. தலைமையை அதிபரிடமிருந்து பிரித்து, ஆசிரியரும் பெற்றோரும் தெரிவுசெய்த ஒருவரிடம் கொடுத்து, கணக்கை வெளியார் ஒருவர் பரிசோதிக்கச் செய்த பின்னரே அக்காரணத்தைச் சோதித்துப் பார்க்க இயலும்.