அப்பா விட்டுச்சென்ற துவக்கு

துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எம்மில் பலருக்கு நெஞ்சு பதறும். ஆனால் மலையகத்துக்கு அது போருக்கு நெடுங்காலம் முன்பே வந்துவிட்டது. கோப்பிக் காலத்து வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கென்று கொண்டுவந்தார்கள். மேஜர் றொஜர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டாராம். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பின்னாளில் பயிர்க் காவலுக்கென அனுமதிப்பத்திரம் பெற்று நம்மவர் சிலரும் வேட்டைத் துவக்கு வைத்திருந்தனர்.

வட்டவளைப் பக்கத் தோட்டமொன்றில் தகப்பனார் இறந்துபோக, காம்பராவில் சாக்குச் சுற்றிய பழைய இரட்டைக் குழல் துவக்கொன்று மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். "திருத்தி வைப்போம் அம்மா, தாத்தாவின் ஞாபகம்" என்பான் மகன். "விற்றால் கூரைத் தகரத்துக்காவது உதவும் அக்கா" என்பார் தம்பி. இரண்டுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச்சட்டப்படி அனுமதிப்பத்திரம் ஆளின் பெயருக்கே தரப்படுகிறது; ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். காணி, நகை போலத் துவக்கு தானாகப் பிள்ளைகளுக்கு வந்துவிடாது. தன் பெயருக்கு மாற்றித் தரும்படி வாரிசு விண்ணப்பிக்கலாம். அதுவரை துவக்கு வீட்டில் கிடந்தால் பொலிசில் பதில் சொல்ல வேண்டியவள் வீட்டுக்காரிதான். ஆகவே முதலில் கிராம சேவகரிடமும் பொலிசிலும் சொல்லிவிடுங்கள். துவக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம். எப்படி ஒப்படைப்பது என்று அவர்களிடமே கேளுங்கள். உள்ளே மருந்து இருக்கிறதா என்று நீங்களோ பிள்ளைகளோ பார்க்கவும் வேண்டாம். பழைய துவக்குகளில் பல ஆண்டுகளுக்கு முன் இடித்த மருந்து அப்படியே இருப்பதுண்டு.

திருத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. குழலில் அலை அலையாகக் கோலம் தெரிந்தால் அது இரும்பையும் உருக்கையும் முறுக்கி அடித்த டமஸ்கஸ் குழலாக இருக்கலாம். கரிமருந்துக்கென்று செய்தது அது. இன்றைய தோட்டாவின் அழுத்தம் தாங்காமல் சுடுபவரின் கையிலேயே வெடிக்கக்கூடும். வட்டவளை போன்ற அடைமழை ஊரில் துரு வெளியே தெரிவதைவிட உள்ளேதான் அதிகம் தின்றிருக்கும். கொல்லரிடம் கொடுத்துப் பளபளக்கத் தேய்த்தாலும் உள்ளிருக்கும் பலவீனம் போகாது; பழம்பொருள் என்ற மதிப்புத்தான் குறையும். துவக்குத் திருத்துபவருக்கும் அனுமதி வேண்டும்.

விற்பதாயின் அனுமதி பெற்ற வியாபாரிக்கே, எழுத்தில். அக்கம்பக்கத்தில் இரகசியமாக வாங்க வருபவர் கூடுதல் விலை சொல்வார். அந்தத் துவக்கு காட்டுப்பன்றிக்குக் கட்டிய கட்டுத்துவக்காக மாறினால், விறகுக்குப் போகும் பெண்ணின் காலைத்தான் பதம் பார்க்கும். 1971 ஏப்ரல் கிளர்ச்சியின்போது ஆயுததாரிகள் வீடுவீடாக வேட்டைத் துவக்குகளைத் தேடினார்கள். எண்பதுகளில் வடக்கிலும் அதுவே நடந்தது. அந்த இரவுகளில் கதவைத் திறந்து பதில் சொன்ன பெண்கள் எம்மிடையே இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் ஒப்படைத்துவிடுவதே மேல். தகரத்துக்கு வேறு வழி பார்க்கலாம். ஆனால் மகன் கேட்பதிலும் நியாயம் உண்டு. எனவே ஒப்படைக்கும்போது பொலிசாரை வைத்துக்கொண்டே ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். செய்தவர் பெயரையும் இலக்கத்தையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்கி, அப்பாவின் மரணச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.