ஆல்-இன் வந்தா என்ன பண்ணுவீங்க?

எதிர்ல உட்கார்ந்திருக்கற ஆள் தன்கிட்ட இருக்கற மொத்த சில்லையும் நடு மேஜைக்குத் தள்ளிட்டு, 'ஆல்-இன்' அப்படின்னு சொல்லிட்டு, கையைக் கட்டிக்கிட்டு உங்க மூஞ்சியையே பார்க்கறான். உங்களுக்கு இருக்கறது ரெண்டே வழி. அதே அளவு சில்லைத் தள்ளி 'கால்' சொல்லணும். இல்லைன்னா சீட்டைக் கவிழ்த்துட்டு ஒதுங்கணும். மூணு சீட்டு பாஷையில சொன்னா, 'பேக்'. என்ன செய்வீங்க?

'தில்லு இருந்தா கால் சொல்லு மச்சி'ன்னு பின்னாடி இருந்து ஒரு குரல் கண்டிப்பா வரும். அந்தக் குரலை முதல்ல மியூட்ல போடுங்க. இது தில்லு சமாச்சாரமே இல்லை. ப்ளஸ் டூ-வுல படிச்சு, எக்ஸாம் முடிஞ்ச அன்னிக்கே மறந்துபோன ப்ராபபிலிட்டி சமாச்சாரம்.

போக்கர்ல நடுவுல குவியற பந்தயத்துக்கு 'பாட்'னு பேரு. அதாவது பானை, குடம். குடம்னதும் எனக்கு ஞாபகம் வர்றது எங்க உத்திரமேரூர்தான். அங்கேயும் ஒரு குடம் இருந்துச்சு. அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல கணக்கு.

பாட்ல 3000 சில் இருக்கு. எதிராளி 2000-க்கு ஆல்-இன். நீங்க 2000 போட்டா ஜெயிக்கக்கூடியது 5000. உங்க 2000-ஐயும் சேர்த்தா மொத்தம் 7000. 2000-ஐ 7000-ஆல வகுங்க. கிட்டத்தட்ட 28.6 சதவிகிதம். ஜெயிக்க அதுக்கு மேல வாய்ப்பு இருந்தா கால், கம்மியா இருந்தா பேக். அவ்ளோதான் ஃபார்முலா!

உங்க கையில ரெண்டு ஆட்டின், மேஜையில திறந்திருக்கற மூணு சீட்டுல ரெண்டு ஆட்டின்னு வெச்சுக்கோங்க. இன்னும் ஒரே ஒரு ஆட்டின் வந்தா ஃப்ளஷ். கட்டுல மொத்தம் 13 ஆட்டின், நாலு கண்ணுக்குத் தெரியுது, பாக்கி 9. நீங்க பார்க்காத சீட்டு 47. இன்னும் ரெண்டு சீட்டு திறக்கணும். ரெண்டுலயும் ஆட்டின் வராம போற வாய்ப்பு 38/47 பெருக்கல் 37/46, அதாவது 65 சதவிகிதம். அப்போ வர்ற வாய்ப்பு 35. தேவை 28.6-தான். ஆக, கால்! இன்னும் ஒரே ஒரு சீட்டுதான் பாக்கின்னா 9/46, இருபது சதவிகிதம்கூட தேறாது. அப்போ பேக்.

டேபிள்ல கால்குலேட்டர் எடுத்தா சிரிப்பாங்களேன்னு கவலைப்படாதீங்க, அதுக்கும் குறுக்கு வழி இருக்கு. உதவற சீட்டு எத்தனைன்னு எண்ணி, ரெண்டு சீட்டு பாக்கின்னா நாலால பெருக்குங்க, ஒண்ணுன்னா ரெண்டால. 36, 18. கிட்டத்தட்ட சரியா வருதில்ல?

எதிராளி எந்த மாதிரி சீட்டை வெச்சுக்கிட்டு இப்படித் தள்ளுவான்னும் யோசிக்கணும். ராத்திரி முழுக்க வாயே திறக்காம இருந்தவன் திடீர்னு ஆல்-இன் சொன்னா ஒரு அர்த்தம். ஆட்டத்துக்கு ஆட்டம் தள்ளிக்கிட்டே இருக்கறவன் சொன்னா வேற அர்த்தம்.

2003-ல லாஸ் வேகாஸ். போக்கர் உலகக் கோப்பைன்னு சொல்லக்கூடிய 'வேர்ல்டு சீரிஸ் ஆஃப் போக்கர்' மெயின் ஈவன்ட். 839 பேர் ஆடி, கடைசியில மிச்சம் ரெண்டு பேர். ஒருத்தர் சாம் ஃபார்ஹா, பழம் தின்னு கொட்டை போட்ட ஆள். இன்னொருத்தர் கிறிஸ் மணிமேக்கர். சத்தியமா அதுதாங்க அவர் பேரு! டென்னஸியில அக்கவுன்டன்ட் வேலை. ஆன்லைன்ல சின்னப் போட்டி ஜெயிச்சு, அது வழியா உள்ளே வந்தவர். ஒரு ஆட்டத்துல அஞ்சு சீட்டும் திறந்தாச்சு. ஃபார்ஹா கையில ஒன்பது ஜோடி. மணிமேக்கருக்கு வரவேண்டிய ஃப்ளஷ்ஷும் வரலை, ஸ்ட்ரெயிட்டும் வரலை. கையில வெறும் ராஜா. மனுஷன் கூலா ஆல்-இன் சொல்லிட்டார்! ஃப்ளஷ் தவறிப்போச்சு போலிருக்கேன்னு ஃபார்ஹா வாய்விட்டே சொல்றார். யூகம் நூத்துக்கு நூறு கரெக்ட். ஆனா கால் சொல்லலை. யோசிச்சு யோசிச்சு சீட்டைக் கவிழ்த்துட்டார். சீக்கிரமே ஆட்டமும் முடிஞ்சுது. மணிமேக்கருக்கு 25 லட்சம் டாலர்!

ஃபார்ஹா பண்ணினது தப்பான்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை போடறாங்க. என் கட்சி: ஒரே ஒரு ஆட்டத்தோட ரிசல்ட்டை வெச்சு முடிவைத் திட்டக் கூடாது. சரியான கால் தோக்கலாம், மட்டமான கால் ஜெயிக்கலாம். படிக்காம போனவன் பாஸானதும், விழுந்து விழுந்து படிச்சவன் அரியர் வெச்சதும் நாம பார்க்காததா?

மேல போட்ட கணக்கு அப்படியே டோர்னமென்ட்டுக்குப் பொருந்தாது. டோர்னமென்ட்ல சில்லு வேற, காசு வேற. நாலு பேர் பாக்கி, பரிசு மூணு பேருக்குத்தான்னு வைங்க. 5000, 3000, 2000. நாலு பேர்கிட்டயும் சமமான சில். அப்போ ஒவ்வொருத்தர் இடத்தோட மதிப்பு 2500. ஒருத்தன் ஆல்-இன் சொல்றான். நீங்க கால் சொல்லி ஜெயிச்சா சில் டபுள். மதிப்பும் டபுளாகி 5000 வரும்னுதானே நினைக்கறீங்க? வராது. முதலிடத்துக்கு உங்க வாய்ப்பு பாதி, ரெண்டாவதுக்கு மூணுல ஒண்ணு, மூணாவதுக்கு ஆறுல ஒண்ணு. கூட்டினா சுமார் 3833-தான். தோத்தா? ஜீரோ. அதாவது 2500-ஐப் பணயம் வெச்சு 3833-க்கு ஆடறீங்க. வகுத்தா 65 சதவிகிதம். சில்லு கணக்குல 50 இருந்தாலே போதும்ங்கற இடத்துல, காசு கணக்கு 65 கேட்குது! இதுக்கு 'ஐ.சி.எம்'னு பேரு. விட்ட சில்லோட மதிப்பு, பிடிச்ச சில்லோட மதிப்பைவிட எப்பவும் ஜாஸ்திங்கறதுதான் மேட்டர்.

இன்னும் உச்சத்துக்குப் போனா செம காமெடி. பெரிய போட்டிக்கு நுழைவுச் சீட்டு மட்டுமே பரிசா தர்ற டோர்னமென்ட் உண்டு. 10 டிக்கெட், 11 பேர் பாக்கி. உங்ககிட்ட சில் மலை மாதிரி இருக்கு. இன்னொருத்தன்கிட்டேயும் அதே அளவு. அவன் ஆல்-இன். உங்க கையில ரெண்டு ஏஸ், போக்கர்ல அதுக்கு மேல ஆரம்பக் கை கிடையவே கிடையாது. சும்மா உட்கார்ந்திருந்தாலே டிக்கெட் உறுதி. கால் சொன்னா அஞ்சுல ஒரு தடவையோ ஆறுல ஒரு தடவையோ மூட்டையைக் கட்டணும். ரெண்டு ஏஸையும் கவிழ்த்து வைக்கறதுதான் அங்கே சரி. தில்லு குரல் இங்கே என்ன சொல்லும்னு யோசிச்சுப் பாருங்க!

இப்போ எங்க ஊர்க் குடம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்ல முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. கி.பி. 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தது. ஊர் சபை வாரியங்களுக்கு ஆள் எடுத்த குடவோலை முறை அதுலதான் இருக்கு. ஸ்கூல்ல ரெண்டு மார்க் கொஸ்டினா படிச்சிருப்பீங்க. நான் அதைச் சீட்டாட்டக் கண்ணோட பார்த்தேன், வாத்தியார் மன்னிக்க.

அவங்களும் அதிர்ஷ்டத்தைத்தான் நம்பினாங்க, ஆனா முழுசா இல்லை. 30 குடும்பு, அதாவது 30 வார்டு. வயசு 35-லேர்ந்து 70-க்குள்ள. வரி கட்டற நிலம் கால் வேலிக்கு மேல. சொந்த மனையில வீடு. முன்னாடி பதவியில இருந்து கணக்குக் காட்டாதவரா? அவர் மட்டுமில்லை, அவரோட சொந்தபந்தமும் அவுட். கடந்த மூணு வருஷத்துல பதவியில இருந்தவரா? இந்தத் தடவை கிடையாது. இத்தனை வடிகட்டல் முடிஞ்சுதான் பேரே ஓலையில ஏறும். ஒவ்வொரு குடும்பு ஓலையையும் தனித்தனிக் கட்டா கட்டி, குடத்துல போட்டு, சபை மொத்தமும் பார்க்கற மாதிரி ஒரு பெரியவர் தூக்கிக் காட்டுவார். விஷயம் ஏதும் தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை இன்னொரு குடத்துல போட்டுக் குலுக்கி, அதுலேர்ந்து ஒரே ஒரு ஓலை. வாங்கற மத்தியஸ்தர் அஞ்சு விரலையும் விரிச்சு, உள்ளங்கையில வாங்கணும். எதையும் ஒளிச்சு மாத்தக் கூடாதில்ல! லாஸ் வேகாஸ்ல சீட்டுப் போடறவர் மேஜையை விட்டு எழும்போது உள்ளங்கையை விரிச்சுக் காட்டற அதே ஐடியா.

ரொம்பப் புல்லரிக்கவும் வேண்டாம். நிலமும் வேதப் படிப்பும் இல்லாதவங்க பேரு அந்தக் குடத்துக்குள்ள போகவே போகாது. ஆனாலும் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கறதுன்னு முன்கூட்டியே முடிவு பண்ணி, அதைக் கல்லுல வெட்டி வெச்சாங்களே, அதுதான் எனக்குப் பிடிச்சது.

'அப்போ போக்கர் திறமையா, அதிர்ஷ்டமா?' இந்தக் கேள்விக்கு நம்ம கோர்ட்டுகளே படாத பாடு பட்டிருக்கு. ரம்மி திறமை ஆட்டம்தான்னு சுப்ரீம் கோர்ட் 1968-லேயே சொல்லிடுச்சு. காசு வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டங்களை எதிர்த்துத் தமிழ்நாடு 2021-ல கொண்டுவந்த சட்டத்தை, அதே வருஷம் சென்னை ஹைகோர்ட் ரத்து பண்ணுச்சு. நீதிபதி சந்துரு குழு அறிக்கைக்கு அப்புறம் 2022-ல புதுச் சட்டம். 2023 நவம்பர்ல அந்தச் சட்டம் செல்லும்னு சொன்ன ஹைகோர்ட், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம்னு பட்டியல் போட்டது மட்டும் செல்லாதுன்னுடுச்சு. 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் திறமையா அதிர்ஷ்டமாங்கற கேள்வியையே தூக்கி ஓரமா வெச்சுட்டு, காசு கட்டி ஆடற ஆன்லைன் ஆட்டம் எதையும் யாரும் நடத்தக் கூடாதுன்னுடுச்சு. பெரிய ஆப்கள் காசு ஆட்டத்தை நிறுத்தின கதை உங்களுக்கே தெரியும். ஆனா ஹாஸ்டல் ரூம் கதவு சாத்தினதும் கட்டு கலையறதும், வாட்ஸ்அப்ல ஏதோ ஒரு வெளிநாட்டு லிங்க் வர்றதும் நிக்கலைங்கறதும் உங்களுக்குத் தெரியும்.

அங்கே நீங்க கணக்குல புலின்னே வெச்சுக்கலாம். முதல்ல பார்த்த அந்த ஆட்டின் கை, 35 சதவிகிதம், சந்தேகமே இல்லாத கால். ஆனா அதே கை நூத்துல 65 தடவை தோக்கும். தொடர்ந்து நாலு தடவை தோக்கற வாய்ப்பு 18 சதவிகிதம். அது ஒண்ணும் அதிசயமில்லை, ஒரு வகுப்புல அறுபது பேர் இருந்தா பத்து, பதினோரு பேருக்கு நடக்கும். நாலும் சரியான முடிவு, நாலும் போச்சு! ஆயிரம் தடவை ஆட பேங்க்ல பணம் இருக்கறவனுக்கு இது சும்மா ஒரு ஏத்த இறக்கம். அப்பா நெல்லு போட்ட காசுல கட்டின செமஸ்டர் ஃபீஸை வெச்சு ஆடறவனுக்கு முதல் தோல்வியிலேயே டோர்னமென்ட் ஓவர். அவனுக்கு அந்த முப்பதாயிரம் போறதோட வலி, இன்னொரு முப்பதாயிரம் வர்ற சந்தோஷத்தைவிட எவ்வளவோ பெருசு. ஐ.சி.எம் சொன்னதும் இதைத்தானே? 28.6 போதும்னு சொன்ன ஃபார்முலா அவனுக்கு 65 கேட்கும், சில சமயம் 100 கேட்கும்.

கணக்கு மட்டும் ஜாலியா பழகணும்னா புளியங்கொட்டை போதும். நாலு பேர், ஆளுக்கு ஐம்பது கொட்டை, 5000-3000-2000 பரிசுக்குப் பதிலா கேன்டீன்ல முதல் மூணு பேருக்கு டீ, நாலாவது ஆள் பில் கட்டணும். ஆல்-இன் வரும்போது சத்தமா சதவிகிதம் சொல்லிட்டு அப்புறம் கால் சொல்லுங்க. எதிராளி சீட்டைக் காட்டினதும் நீங்க சொன்ன நம்பர் எவ்வளவு தூரம் சரின்னு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே வாங்க. ஐம்பது ஆட்டம் முடியறதுக்குள்ள யார் தில்லு பார்ட்டி, யார் கணக்குப் பார்ட்டின்னு நோட்டே காட்டிக் கொடுத்துடும்!