அறிக்கை வந்தது, கூலி உயரவில்லை

2013 டிசம்பர் 4. வாஷிங்டனில், அனகோஸ்டியா ஆற்றுக்கு அக்கரையில், ஏழைக் குடும்பங்கள் நிறைந்த தென்கிழக்குப் பகுதியில் ஒரு சமூக மையத்தில் நின்று அமெரிக்க அதிபர் பேசினார். அடித்தட்டு 20 சதவீதத்தில் பிறக்கும் குழந்தை வளர்ந்து மேல்தட்டு 20 சதவீதத்துக்குள் போய்ச் சேரும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கும் குறைவு என்றார். உழைத்தால் முன்னேறலாம் என்று உலகத்துக்கே சொன்ன நாட்டில், பிறந்த வீடே பிள்ளையின் தலைவிதியை எழுதுகிறது என்று அதிபரே ஒப்புக்கொண்ட நாள் அது. குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்த வேண்டும், வேலை இழந்தோருக்கான உதவித்தொகையை நீட்டிக்க வேண்டும் என்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸைக் கேட்டார். எதிர்க்கட்சியிடம் இதைவிட நல்ல திட்டம் இருந்தால் கொண்டு வரட்டும் என்றும் அழைத்தார்.

அதிபர் பேசினால் காங்கிரஸ் உறுப்பினர்கள் அறிக்கை விடுவது அங்கே வழக்கம். அவர் கட்சிக்காரர் என்றால் வரவேற்பு. எதிர்க்கட்சிக்காரர் என்றால், அரசு செலவைக் குறைக்கட்டும், வரியைக் குறைக்கட்டும், தொழில் வளர்ந்தால் வேலை தானாக வரும் என்று ஒரு மறுப்பு. இரண்டு தரப்பு அறிக்கைகளையும் படிக்கும்போது எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான். மத்தியக் குறைந்தபட்ச ஊதியமான மணிக்கு 7.25 டாலர் கூலிக்கு நிற்கும் ஒரு பெண்ணுக்கு இதில் என்ன இருக்கிறது?

அவளுடைய கணக்கைப் பார்ப்போம். வாரம் 40 மணி நேரம் உழைத்தால் 290 டாலர். ஆண்டின் 52 வாரமும் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல், காய்ச்சலோடும் வேலைக்குப் போனால் 15,080 டாலர். ஒரு தாயும் ஒரு குழந்தையும் கொண்ட குடும்பத்துக்கு அந்த ஆண்டு அரசு வகுத்த வறுமைக் கோடு 15,510 டாலர். முழுநேர வேலை பார்த்தும் அவள் ஏழைதான். அரசாங்கத்தின் சொந்தக் கணக்கே அப்படித்தான் சொல்கிறது. அறிக்கை எழுதும் உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 1,74,000 டாலர்.

வேலை இழந்தோருக்கான உதவித்தொகை விஷயம் வேகமாகவே முடிந்தது. அதிபர் பேசி மூன்றரை வாரம் ஆவதற்குள், கிறிஸ்துமஸ் கழிந்த மூன்றாம் நாள், நீண்ட நாள் வேலையின்றி இருந்தவர்களுக்கான மத்திய அரசுத் திட்டம் காலாவதியானது. ஒரே நாளில் சுமார் 13 லட்சம் பேருக்குப் பணம் நின்றது. 2014 ஏப்ரலில் செனட் அதை நீட்டிக்க ஒப்புக்கொண்டது. பிரதிநிதிகள் சபையிலோ அது வாக்கெடுப்புக்கே வரவில்லை.

அதே மாதம் 30ஆம் தேதி, குறைந்தபட்ச ஊதியத்தை 10.10 டாலராக்கும் மசோதா செனட்டுக்கு வந்தது. விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளவே 60 வாக்கு வேண்டும். ஆதரவாக 54, எதிராக 42. பெரும்பான்மை இருந்தும் மசோதா அங்கேயே நின்றுபோனது. கூலியை ஏற்றினால் வேலைகள் குறையும் என்பது எதிர்த்தவர்களின் வாதம். காங்கிரஸின் நிதி ஆய்வு அலுவலகமும் சுமார் 5 லட்சம் வேலைகள் குறையலாம் என்று மதிப்பிட்டிருந்தது. அதே ஆய்வுதான் 1 கோடியே 65 லட்சம் தொழிலாளர்களின் வருமானம் கூடும், 9 லட்சம் பேர் வறுமைக் கோட்டைத் தாண்டுவார்கள் என்றும் சொன்னது. அந்தப் பாதியைப் பற்றிப் பேச எதிர்த்தவர்களுக்கு மனமில்லை.

அதிபர் பேசிய அந்தப் பகுதி மக்களின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். தலைநகர் வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராதது. அதனால் செனட்டில் அவர்களுக்கு ஆளே இல்லை. பிரதிநிதிகள் சபையில் ஒருவர் உண்டு. பேசலாம், சபையின் இறுதி வாக்கெடுப்பில் வாக்களிக்க முடியாது. வயோமிங், வெர்மான்ட் மாநிலங்களைவிட அதிக மக்கள் வாழும் நகரம் இது. வரி கட்டுகிறார்கள், ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். தங்கள் கூலியைத் தீர்மானிக்கும் மசோதாவுக்குக் கை தூக்க மட்டும் அவர்களுக்கு ஆள் கிடையாது.

இதையெல்லாம்விட என்னை அலைக்கழிப்பது இன்னொரு எண்: 2.13 டாலர். டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டிய மத்தியக் குறைந்தபட்சக் கூலி, மணிக்கு இவ்வளவுதான். 1991இல் வைத்த தொகை; இன்றுவரை மாறவில்லை. டிப்ஸையும் சேர்த்து 7.25 டாலர் வராவிட்டால் மீதியை முதலாளி போட்டுத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை மதியம் நாலு மேஜை மட்டும் பார்த்த பெண், ஷிஃப்ட்டைப் போட்டுத் தரும் மேனேஜரிடமே போய்க் கணக்குக் கேட்க வேண்டும். கேட்டால் அடுத்த வாரம் நல்ல ஷிஃப்ட் கிடைக்குமா என்ற பயம் அவளுக்கு இருக்கும். வாங்கிய டிப்ஸுக்கான வரியையும் அந்த 2.13 டாலர் கூலியில்தான் பிடிக்கிறார்கள். வாரக் கடைசியில் வரும் சம்பளச் செக்கில் சில நேரம் ஒன்றுமே மிஞ்சாது. வீட்டு வாடகை, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கான பணம் எல்லாம், அன்று சாப்பிட வந்தவர்களின் மனநிலையைப் பொறுத்து இருக்கிறது.

கலிஃபோர்னியா, வாஷிங்டன் மாநிலம் போன்ற சில இடங்களில் டிப்ஸ் தொழிலாளிக்கும் முழுக் கூலி உண்டு. அங்கே ஹோட்டல்கள் இழுத்து மூடப்பட்டுவிடவில்லை. டெக்சாஸ், ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் இன்னமும் 2.13தான். அங்கெல்லாம் நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன.

7.25 டாலரும் இன்றுவரை அப்படியே இருக்கிறது. 2009 ஜூலையில் வந்த தொகை அது. 1938இல் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பிறந்த பிறகு, இவ்வளவு நீண்ட காலம் காங்கிரஸ் அதை உயர்த்தாமல் விட்டதே இல்லை. பல மாநிலங்கள் தாமாக முன்வந்து கூலியை ஏற்றியிருக்கின்றன. ஏற்றாத மாநிலத்தில் பிறந்தவளுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. அடுத்து ஒரு தலைவர் வாய்ப்பு பற்றிப் பேசும்போது, பதில் சொல்லும் உறுப்பினர் 7.25, 2.13 என்ற இந்த இரண்டு எண்களையும் உயர்த்துவதில் எப்படி வாக்களித்தார் என்பதைத்தான் செய்தியாளர்கள் முதலில் கேட்க வேண்டும்.

மகனையோ மகளையோ பார்க்க அமெரிக்கா போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹோட்டல் பில்லில் டிப்ஸ் எழுதும் இடத்தைப் பார்த்ததும், சாப்பாட்டுக்குக் காசு கொடுத்த பிறகு இது எதற்கு என்று நம்மில் பலருக்குத் தோன்றுகிறது. ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தால் மனசு வராதுதான். ஆனாலும் 18 சதவீதத்துக்குக் குறையாமல் எழுதுங்கள். பல மாநிலங்களில் உங்களுக்குப் பரிமாறியவரின் கூலியே அதுதான்.