சுவர் சுவிட்சைத் தொடாதீர்கள்

ஸ்மார்ட் பல்பு நுழைந்த வீட்டில் முதல் சண்டை பெரும்பாலும் சுவர் சுவிட்சைப் பற்றித்தான் வரும். அறையை விட்டுக் கிளம்பும்போது சுவிட்சைத் தட்டி அணைப்பது நமக்குச் சிறுவயதிலேயே ஊறிய பழக்கம். ஜிக்பீ என்ற ரேடியோ முறையில் இயங்கும் பல்புக்கு அது ஆகாது. வெளிச்சம் தருவது அதன் பாதி வேலைதான்.

ஒவ்வொரு பல்புக்குள்ளும் சின்னதாக ஒரு ரேடியோ இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், நொடிக்கு அதிகபட்சம் 250 கிலோபிட் வேகத்தில் பேசும். சினிமா பார்க்க இது உதவாது. 'எரி', 'அணை', 'மங்கு' என்று சொல்லத் தாராளம். ஆனால் குரல் சன்னமானது. நடுவில் இரண்டு கான்கிரீட் சுவர் வந்தால் திணறிவிடும். அதனால், தீப்பிடித்த வீட்டுக்கு வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல, பல்புகள் கட்டளையை ஒன்றிடமிருந்து ஒன்று வாங்கி அனுப்புகின்றன. ஹாலிலிருந்து கிளம்பும் கட்டளை மாடிப்படி பல்பைத் தொட்டுத்தான் மொட்டைமாடி அறையை அடையும். இதையே மெஷ் என்கிறார்கள். மாடிப்படி சுவிட்சை யாராவது அணைத்தால் கட்டளை வேறு வழி தேடும். வழி இல்லையென்றால் மேலே இருட்டுதான். பேட்டரியில் ஓடும் சென்சார்கள் இந்தச் சுமையை ஏற்பதில்லை. பெரும்பாலான நேரம் அவை உறக்கத்தில் இருக்கும்.

2012இல் வந்த பிலிப்ஸ் ஹியூ இந்த முறையைப் பரவலாக்கியது. பல்புகளை ஆள, ரவுட்டரில் செருகும் ஒரு பெட்டியையும் அது தந்தது. பல நிறுவனங்களின் பல்புகளை ஒரே இடத்திலிருந்து ஆள விரும்புகிறவர்கள் 'ஹோம் அசிஸ்டன்ட்' என்ற இலவச மென்பொருளை ஒரு சிறு கணினியில் நிறுவி, ஜிக்பீ ரேடியோ உள்ள யூஎஸ்பி டாங்கிள் ஒன்றைச் செருகிக்கொள்கிறார்கள். டாங்கிளை நேரடியாகச் செருகாமல் நீட்டிப்பு வயர் வழியாகத் தள்ளி வைப்பது நல்லது. யூஎஸ்பி 3.0 போர்ட் எழுப்பும் மின்னிரைச்சல் இதே 2.4 கிகாஹெர்ட்ஸில் குறுக்கிடும்.

ஒன்றிரண்டு பல்புக்கு இவ்வளவு பாடு வேண்டாம், வைஃபை பல்பே போதும் என்பேன். வீடு முழுவதும் என்றால் ஜிக்பீ. 'மேட்டர்' என்ற பெயரும் காதில் விழுந்திருக்கலாம். 2022இல் வெளியான அது ஜிக்பீபோலத் தனி ரேடியோ அல்ல. வைஃபை, த்ரெட் போன்ற வலையமைப்புகளின் மேல் ஓடும் பொதுமொழி.

சுவிட்சு தகராறுக்குத் தீர்வு உண்டு. சாதாரண பல்பையே வைத்துக்கொண்டு, சுவிட்சு போர்டுக்குள் ஜிக்பீ ரிலே ஒன்றை, அதாவது கட்டளைக்கேற்ப மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு கருவியை, பொருத்தலாம். சுவிட்சும் வேலை செய்யும், கைபேசிச் செயலியும் வேலை செய்யும். பெரும்பாலான ரிலேக்களுக்கு நியூட்ரல் வயர் தேவை. போர்டில் பிளக் பாயின்ட் இருந்தால் நியூட்ரலும் அங்கேயே இருக்கும். வெறும் சுவிட்சு மட்டும் என்றால், வாங்குவதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.