பயணியின் தடம் சொல்வது என்ன?

ஓர் அருங்காட்சியகத்திற்கு நேற்று எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டால், சீட்டு விற்பவர் அடிக்கட்டைகளை எண்ணிச் சொல்லிவிடுவார். வந்தவர்கள் எந்த அறையில் எவ்வளவு நேரம் நின்றார்கள், எதைப் பார்க்காமலே திரும்பினார்கள், எதைக் கண்டு மகிழ்ந்தார்கள் என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல இயலாது. வாயிலில் தலைகளை எண்ணுவது எளிது. வாயிலைத் தாண்டிய பின் நடப்பதை அறிவது கடினம். சுற்றுலாப் பயணிகள் வரும் நகரங்களுக்கோ பெரும்பாலும் வாயிலும் இல்லை, சீட்டும் இல்லை.

இதை அறிந்து என்ன ஆகப்போகிறது என்று நீங்கள் கேட்கலாம். இத்தாலியில் உள்ள வெனிஸ் நகரத்தைப் பாருங்கள். தீவுகளின் மேல், கால்வாய்களுக்கு நடுவே கட்டப்பட்ட பழைய நகரம் அது. 1951-இல் அந்தப் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022-இல் அந்த எண்ணிக்கை 50,000-க்கும் கீழே இறங்கிவிட்டது. வீடுகள் பல பயணிகள் தங்கும் விடுதிகளாயின, வாடகை ஏறியது, ஊர்க்காரர்கள் வெளியேறினர். வரும் கூட்டமோ நகரம் முழுவதும் பரவுவதில்லை. சான் மார்க்கோ சதுக்கம், ரியால்டோ பாலம் ஆகிய இரண்டையும் சுற்றிய குறுகிய சந்துகளிலேயே நெரிகிறது. எனவே, எத்தனை பேர் எந்த நேரத்தில் எந்தச் சந்தில் இருக்கிறார்கள் என்பதை அறிய 2020-இல் அந்நகரம் ஒரு கட்டுப்பாட்டு அறையைத் திறந்தது. கண்காணிப்புக் காமிராக்களும் கைப்பேசிச் சைகைகளும் அங்கே செய்தி தருகின்றன. 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட சில நாட்களில் பகற்பொழுது மட்டும் வந்து போகும் பயணிகளிடம் 5 யூரோ கட்டணமும் வசூலிக்கப்பட்டது. ஆக, பயணியின் தடத்தை அளப்பது ஓர் ஊரின் வாழ்வோடு தொடர்புடைய வேலையாகிவிட்டது.

இந்த அளவீடு எப்படி நடைபெறுகிறது? அதில் உள்ள இயற்பியல் என்ன? அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

கடிகாரமும் நோட்டுப்புத்தகமும்

முதலில் பயன்பட்ட கருவிகள் மிக எளியவை. அமெரிக்க உளவியலாளர் எட்வர்டு ராபின்சன் அருங்காட்சியகங்களுக்கு வருவோரைப் பற்றி 1928-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய ஆய்வாளர்கள் கையில் நிறுத்துக் கடிகாரத்துடன் பார்வையாளர்களுக்குத் தெரியாமல் பின்தொடர்ந்து, ஒவ்வோர் ஓவியத்தின் முன்னும் அவர்கள் நின்ற நேரத்தைக் குறித்துக்கொண்டனர். அவரை அடுத்து ஆர்தர் மெல்டன் என்பவர் 1930-களில் இதே முறையைக் கையாண்டார். ஒரு கூடத்தினுள் நுழைபவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வலப்பக்கமாகவே திரும்புவதை அவர் கண்டார். வாயிலின் இடப்பக்கம் மாட்டப்பட்ட ஓவியம் எவ்வளவு சிறந்ததாயினும், அதற்குப் பார்வையாளர் குறைவு!

இம்முறையில் இரண்டு இடர்ப்பாடுகள் உள்ளன. ஒரு பயணிக்கு ஓர் ஆய்வாளர் வேண்டும். தம்மை ஒருவர் பின்தொடர்வதை அறிந்தால் பயணி இயல்பாக நடக்கவும் மாட்டார். பயணிகளையே நாட்குறிப்பு எழுதச் சொல்லலாம். ஆனால் மாலையில் விடுதிக்குத் திரும்பிக் களைப்புடன் எழுதும்போது, பத்து நிமிடம் அரை மணியாகும். தேநீர்க் கடையில் கழிந்த ஒரு மணி நேரம் மறந்தே போகும்.

வானத்திலிருந்து வரும் அளவுகோல்

இக்குறையைத் தீர்த்தது ஜி.பி.எஸ். என்னும் இடங்காட்டி முறை. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருபத்து நான்குக்கும் மேற்பட்ட செயற்கைக் கோள்கள் இதற்காகப் பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. 'நான் இருக்கும் இடம் இது. இப்போது என் கடிகாரம் காட்டும் நேரம் இது' என்று ஒவ்வொரு கோளும் வானொலி அலைகள் வழியாக ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கிறது.

வானொலி அலை ஒளியின் வேகத்தில், அதாவது வினாடிக்கு 3,00,000 கி.மீ. வேகத்தில் செல்வது. தலைக்கு நேர் மேலே உள்ள கோளிலிருந்து அது நம்மை வந்தடைய ஒரு வினாடியில் சுமார் 15-இல் ஒரு பங்கு நேரம் பிடிக்கும். புறப்பட்ட நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் கொண்டு தூரத்தைக் கணக்கிடலாம். மூன்று கோள்களிலிருந்து நமக்குள்ள தூரம் தெரிந்தால் நம் இடம் தெரிந்துவிடும். பிறகு ஏன் நான்காவது கோள் ஒன்றும் தேவைப்படுகிறது? நம் கையிலுள்ள கருவியில் இருப்பது மலிவான கடிகாரம். அதன் பிழையும் நமக்குத் தெரியாத ஓர் எண். தெரியாத எண்கள் நான்கு. ஆகவே சமன்பாடுகளும் நான்கு வேண்டும்.

இங்கு நேரத்தில் ஏற்படும் சிறு பிழை தூரத்தில் பெரும் பிழையாகும். பத்து லட்சத்தில் ஒரு பங்கு வினாடி, அதாவது ஒரு மைக்ரோ வினாடி, தவறினால் தூரம் 300 மீட்டர் தவறும். ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கைப்படி, கோள்களில் உள்ள கடிகாரங்கள் தரையில் உள்ளவற்றைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடி விரைவாக ஓடும். இதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் தூரத்தில் 11 கி.மீ.-க்கு மேல் பிழை சேர்ந்துவிடும்!

அமெரிக்க அரசு இராணுவக் காரணங்களுக்காகப் பொதுமக்களுக்கான சைகையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வந்தது. அந்நாளில் இடம் சுமார் 100 மீட்டர் வரை தவறக்கூடும். பயணி நின்றது கோட்டையிலா, எதிரே இருந்த கடையிலா என்று அதைக் கொண்டு எப்படிச் சொல்வது? 2000 மே 2-இல் அந்தக் கலப்படம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகே பயணிகளின் தடத்தைத் தெருத் தெருவாக வரைவது கைகூடியது.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். செயற்கைக் கோள் நம்மைப் பார்ப்பதில்லை. நாம் இருப்பதே அதற்குத் தெரியாது. நம் கருவிதான் அதன் குரலைக் கேட்டுக் கணக்குப் போடுகிறது. கணக்கின் விடை முதலில் நம் கருவிக்குள்தான் இருக்கிறது. அதை யாருக்கேனும் அனுப்பும்போதுதான் பிறர் அறிகிறார்கள்.

வழியை எழுத்தாக்கினால்

ஜெருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோவாம் ஷோவால், மிகால் ஐசக்சன் ஆகிய இருவரும் மத்தியதரைக் கடற்கரையில் உள்ள ஆக்கர் என்ற பழைய துறைமுக நகரில் பயணிகளிடம் ஜி.பி.எஸ். கருவிகளைக் கொடுத்து அனுப்பினர். திரும்பி வந்த தடங்களைப் படத்தில் வரைந்தபோது ஒரே நூற்சிக்கல்! இவற்றை எப்படி ஒப்பிடுவது? உயிரியலார் டி.என்.ஏ. வரிசைகளை ஒப்பிடும் முறையை அவர்கள் கடன் வாங்கினர். அந்த ஆய்வு 2007-இல் வெளியாயிற்று.

முறை எளியது. கோட்டைக்கு 'க', சந்தைக்கு 'ச', துறைமுகத்துக்கு 'த' என்று எழுத்துக் கொடுப்போம். பத்து நிமிடத்திற்கு ஓர் எழுத்து. முதல் பயணியின் வழி க க ச ச த. இரண்டாமவரின் வழி க ச ச த த என்று கொள்வோம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் மூன்று இடங்கள் மட்டுமே பொருந்துகின்றன. இரண்டாவது வரிசையை ஓர் இடம் வலப்பக்கம் தள்ளி வையுங்கள். இப்போது க, ச, ச, த என நான்கு எழுத்துகள் பொருந்திவிடும். இருவரும் ஒரே வரிசையில்தான் சென்றனர். முன்னவர் கோட்டையில் சற்று அதிகம் நின்றார், பின்னவர் துறைமுகத்தில் சற்று அதிகம் நின்றார், அவ்வளவே. இவ்வாறு கணிப்பொறியைக் கொண்டு ஒப்பிட்டு, ஒத்த வழியினரை ஒரே குழுவில் சேர்க்கலாம்.

கருவியே கொடுக்காமல் கைப்பேசியைக் கொண்டும் அறியலாம். எஸ்டோனியா நாட்டில் தார்த்துப் பல்கலைக்கழகத்தின் புவியியலாளர் ரெய்ன் ஆகாஸ், வெளிநாட்டுப் பயணிகளின் கைப்பேசிகள் எந்தக் கோபுரத்தின் வழியாகப் பேசின என்ற பதிவைக் கொண்டு அவர்களின் போக்கை ஆராய்ந்தார். இதில் நாடு முழுவதும் தெரியும், நுணுக்கம் குறையும். நகரில் சில நூறு மீட்டர், கிராமப்புறத்தில் சில கிலோமீட்டர் என்ற அளவில்தான் இடம் தெரியவரும்.

லூவர் தந்த வியப்பு

கட்டடத்துக்குள் ஜி.பி.எஸ். சைகை நன்றாக நுழைவதில்லை. பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில் புளூடூத் பயன்பட்டது. இது கைப்பேசிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் குறுந்தூர வானொலி. அலைநீளம் சுமார் பன்னிரண்டரை செ.மீ. கைப்பேசி தன் அடையாள எண்ணை இதன் வழியே அறிவிக்கும். முக்கியமான இடங்களில் வைத்த உணர்விகள், அந்த எண் எல்லைக்குள் வந்த நேரத்தையும் நீங்கிய நேரத்தையும் குறித்துக்கொண்டன. எண்கள் சங்கேதமாக மாற்றப்பட்டன.

ஆய்வு 2014-இல் வெளியாயிற்று. நெடுநேரம் இருந்தவர்கள் அதிக இடங்களைப் பார்த்திருப்பார்கள் என்றுதானே நாம் எண்ணுவோம்? முடிவு வேறாக இருந்தது. விரைந்து சென்றவர்களும் நெடுநேரம் தங்கியவர்களும் பார்த்த முக்கிய இடங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. பின்னவர்கள் அதே இடங்களில் அதிக நேரம் நின்றார்கள்.

ஆனால் புளூடூத்தைத் திறந்து வைத்திருந்தவர்கள் மட்டுமே இக்கணக்கில் வந்தனர். அவர்கள் பார்வையாளர்களில் ஒரு சிறு பகுதியினர். கைப்பேசி வைத்திராத முதியவரும் குழந்தையும் இதில் இல்லை. எந்த அளவீட்டைப் பார்த்தாலும், இதில் விடுபட்டவர் யார் என்று கேட்டுப் பழகுங்கள்.

தோல் சொல்லும் செய்தி

ஒருவர் ஓவியத்தின் முன் இருபது நிமிடம் நின்றார் என்று தெரிகிறது. வியந்து நின்றாரா? கால் வலித்து நின்றாரா? மழைக்கு ஒதுங்கினாரா? தடம் இதைச் சொல்லாது.

இதற்கு ஒரு வழி தோலின் மின்தடை. மனம் கிளர்ச்சியுறும்போது நரம்புகளின் தூண்டுதலால் வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்கின்றன. வியர்வையில் உப்பு உள்ளதால் மின்சாரம் எளிதாகப் பாய்கிறது. தோலின் மின்தடை 2,00,000 ஓம் என்றால், அதன் தலைகீழியான மின்கடத்து திறன் 5 மைக்ரோ சீமென்ஸ். மின்தடை பாதியானால் கடத்து திறன் 10 ஆகும். நாம் உணராத அளவிலேயே மின்சாரம் செலுத்தி, மணிக்கட்டில் கட்டிய பட்டையால் இதை அளந்துவிடலாம். ஷோவால் குழுவினர் ஜெருசலேமில் பயணிகளுக்கு இத்தகைய பட்டையையும் இடங்காட்டியையும் கொடுத்தனர். கைப்பேசி வழியே அவ்வப்போது, 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்?' என்றும் கேட்டனர். அந்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது.

கேள்வி எதற்கு என்கிறீர்களா? கடத்து திறன் கூடினால் கிளர்ச்சி கூடியது என்று தெரியும். அது மகிழ்ச்சியா அச்சமா என்பது தெரியாது. படியேறினாலும் வியர்க்கும், வெயிலிலும் வியர்க்கும். இவ்வளவு கருவிகளுக்குப் பிறகும், மனிதரை மனிதர் கேட்டறிவது தேவையாகவே இருக்கிறது.

நான்கு புள்ளிகள் போதும்

பெயரை நீக்கிவிட்டால் தடத்தை யாரிடமும் கொடுக்கலாம் என்று பலர் எண்ணுகின்றனர். இது சரியா? 2013-இல் வெளியான ஓர் ஆய்வு 15 லட்சம் பேரின் கைப்பேசித் தடங்களைப் பதினைந்து மாதங்களுக்கு எடுத்துக்கொண்டது. ஒருவர் எந்த மணியில் எந்தக் கோபுரத்தின் அருகே இருந்தார் என்பதற்கு நான்கே நான்கு புள்ளிகள் தெரிந்தால் போதும். அத்தனை பேருக்கு நடுவே 95 விழுக்காட்டினரின் தடத்தைத் தனியே பிரித்துவிட முடிந்தது. காரணம், ஒருவர் செல்லும் இடங்களும் நேரங்களும் சேர்ந்தால், அதே சேர்க்கை மற்றொருவரிடம் இருப்பது மிக அரிது.

தடத்தைக் கொண்டு ஒருவர் எந்த மருத்துவமனைக்குப் போனார், எங்கே வழிபட்டார், யார் வீட்டில் தங்கினார் என்பதையும் அறியலாம். வெனிஸ் போன்ற நகரத்திற்கு வேண்டியது, இந்தச் சந்தில் இப்போது எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே. ஒவ்வொருவரின் முழு வழியும் அதற்கு வேண்டியதில்லை. கூட்டத்தை எண்ணுவது வேறு. ஆளைத் தொடர்வது வேறு. தேவைக்கு மேல் திரட்டாமலிருப்பதும், திரட்டும் முன் ஒப்புதல் கேட்பதும், வேலை முடிந்ததும் அழித்துவிடுவதும் அளவீட்டின் பகுதிகளே.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி நடக்கும்போது இதைச் செய்யலாம். கூடத்தின் வரைபடம் ஒன்றை வரைந்து, மேசைகளுக்கு எழுத்துக் கொடுங்கள். 'இங்கே பார்வையாளர்களின் நடமாட்டம் குறிக்கப்படுகிறது. விரும்பாதவர் தெரிவிக்கலாம்' என்று வாயிலில் எழுதி வையுங்கள். இருபது பேரைத் தேர்ந்து, ஒவ்வொருவரும் எந்த மேசையில் எத்தனை வினாடி நின்றார் என்று குறியுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும். வெளியேறும்போது, எந்த மேசை மிகவும் பிடித்தது என்று கேளுங்கள்.

பிறகு மூன்று கேள்விகளுக்கு விடை காணுங்கள். நுழைந்ததும் எத்தனை பேர் வலப்பக்கம் திரும்பினர்? நெடுநேரம் இருந்தவர்கள் அதிக மேசைகளைப் பார்த்தனரா? அதிக நேரம் நின்ற மேசையையே பிடித்த மேசையாகச் சொன்னவர்கள் எத்தனை பேர்? மூன்றாவது விடை இருபதுக்கு இருபது வராவிட்டால் வியப்படையாதீர்கள். வேறு மேசையைச் சொன்னவர்களிடம் காரணத்தையும் கேட்டு எழுதுங்கள். உங்கள் கடிகாரம் அளக்காததை அவர்கள் சொல்வார்கள்.